'சாப்' ஒரு சொல்லா, பல சொல்லா? பொண்ணோட ஒர்க்‌ஷீட்ல ஆரம்பிச்ச சந்தேகம்

பொங்கோல்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னைக்கு மனசு கேக்கல, எழுதுறேன். நாங்க சிங்கப்பூர்ல இருக்கோம், என் பொண்ணு பிரைமரி 4. போன வாரம் இங்கிலீஷ் ஒர்க்‌ஷீட்ல 'சாப்'ங்கிற சொல்ல வச்சு ரெண்டு வாக்கியம் எழுதணும், ரெண்டுலயும் வேற வேற அர்த்தம் வரணும். முதல்ல அம்மா வெங்காயம் சாப் பண்றாங்கன்னு எழுதியிருக்கா, டிக் போட்டுட்டாங்க. ரெண்டாவது, தாத்தா கொண்டு வந்த லெட்டர்ல கம்பெனி சாப் இருந்துச்சுன்னு எழுதியிருக்கா. அதுக்கு சிவப்புல கோடு போட்டு, மேல 'ஸ்டாம்ப்'னு எழுதி, ஓரத்துல 'சிங்லிஷ் (சிங்கப்பூர் பேச்சு இங்கிலீஷ்) வேண்டாம்'னு போட்டு மார்க்க கொறச்சிட்டாங்க.

ஒரு மார்க் போனதுக்கு நான் வருத்தப்படல. புள்ள ராத்திரி படுக்கும்போது கேட்டா, அம்மா நம்ம வீட்ல பேசற சொல்லு எல்லாம் தப்பான்னு. அதுக்கு எனக்கு பதில் சொல்ல வரல. இதுல இன்னொன்னு, எங்க மாமியார் (ஊரு நாகப்பட்டினம் பக்கம்) முத்திரைக்கு 'சாப்பா'ன்னுதான் சொல்வாங்க, மாட்டுக்கு சாப்பா குத்துறது, மூட்டைக்கு சாப்பா போடுறதுன்னு. அப்ப இந்த சாப் நம்ம தமிழ்லருந்து போச்சா, இல்ல இங்கிலீஷ்லருந்து நமக்கு வந்துச்சா? வெட்டுறதுக்கும் முத்திரைக்கும் என்ன சம்பந்தம்? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க.

கார்கோ_அண்ணன்:
அக்கா, சிங்லிஷா? நான் 14 வருஷமா ஃப்ரெய்ட் ஃபார்வர்டிங் (சரக்கு அனுப்புற) ஆபீஸ்ல இருக்கேன், டெலிவரி ஆர்டர்ல சாப் இல்லன்னா வேர்ஹவுஸ்ல ஒரு பெட்டிய கூட வெளிய விட மாட்டாங்க, எங்க ஆங்மோ (வெள்ளைக்கார) மேனேஜரே "சாப் அண்ட் சைன்"னுதான் சொல்வாரு. இத்தனைக்கும் 2017 மார்ச் 31லருந்து இங்க கம்பெனிங்களுக்கு காமன் சீல் (கம்பெனியோட அதிகாரப்பூர்வ முத்திரை) கட்டாயம் இல்லன்னு சட்டத்தையே மாத்திட்டாங்க, இருந்தாலும் அந்த நீல மை ரப்பர் சாப் விழுந்தாத்தான் கடைக்காரங்களுக்கு நம்பிக்கை. பாஸ்போர்ட்டுக்கும் அதே பேச்சுதான், "சாப் அடிச்சிட்டாங்களா"ன்னு உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட்ல கேட்டுட்டிருந்தோம், 2020 ஜூலை 22லருந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு இங்க இமிகிரேஷன்ல சாப் அடிக்கறத நிறுத்திட்டாங்க, எல்லாம் இமெயில்ல வந்துடுது. சொல்லோட வரலாறு எனக்கு தெரியாது, ஆனா உங்க பொண்ணு எழுதுனது தப்புன்னு சொன்னா எங்க ஆபீஸ் மொத்தமும் தப்பு.

சொல்தேடி:
அக்கா, நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க. உங்க பொண்ணு எழுதுன ரெண்டும் ஒரே சொல்லோட ரெண்டு அர்த்தம் கிடையாது. எழுத்தும் சத்தமும் ஒன்னா போன வேற வேற சொல்லுங்க. நம்ம தமிழ்ல 'ஆறு' நதியும் எண்ணும் ஆகுதுல்ல, அந்த மாதிரி.

வெட்டுற சாப் பழைய இங்கிலீஷ் சொல், நடுக்கால இங்கிலீஷ்லயே இருக்கு. அதோட இன்னொரு உச்சரிப்புதான் 'சேப்', அதாவது வெடிக்கிறது பிளக்கிறது. குளிர்ல உதடு வெடிச்சா 'சேப்ட் லிப்ஸ்'னு சொல்றாங்கல்ல, அதுவும் இதுவும் கூடப்பொறந்தது. இதுலருந்துதான் ஆட்டு சாப், ஹைனானீஸ் போர்க் சாப், கராத்தே சாப், மேல சுத்துற சாப்பர் எல்லாம் வந்துச்சு.

ரெண்டாவது சாப் இருக்கு, அதுக்கு வெட்டோட ஒரு ஒட்டும் இல்ல. 'சாப் அண்ட் சேஞ்ச்'னு சொல்வாங்க, அடிக்கடி மனச மாத்துறது. அதுல சாப்னா முதல்ல பண்டமாற்று. பழைய இங்கிலீஷ்ல வாங்கி விக்கறதுக்கு இருந்த சொல்லோட வாரிசு. 'சீப்' (விலை கொறஞ்சது), லண்டன்ல இருக்கற சீப்சைடு, சாப்மேன்ங்கிற குடும்பப் பேரு (வியாபாரின்னு அர்த்தம்), ஜெர்மன்ல காஃப்மன், டென்மார்க்கோட கோபன்ஹேகன் (வியாபாரிங்க துறைமுகம்) எல்லாம் ஒரே வேர். லத்தீன்ல சின்ன வியாபாரிக்கு 'காவ்போ'ன்னு ஒரு சொல் இருந்துச்சு, அங்க வரைக்கும் போகுது. எனக்கு இதப் படிச்சப்ப உடம்பு சிலிர்த்துச்சு, எங்க இருக்கற கோபன்ஹேகன், எங்க இருக்கற சாப்.

மூணாவது 'சாப்ஸ்', தாடை. நாக்க சுழட்டி 'லிக்கிங் ஹிஸ் சாப்ஸ்'னு சொல்றது. ஜாஸ் வாசிக்கறவங்க கிட்ட அது ட்ரம்பெட் ஊதுற வாய்க்கு பேராகி, அப்புறம் வாசிக்கற திறமைக்கே பேராயிடுச்சு.

இப்ப உங்க பொண்ணோட சாப். இது இந்துஸ்தானி 'சாப்' / 'சாப்பா', அச்சு, பதிப்பு, முத்திரை. இந்தியில அச்சடிக்கறதுக்கு இன்னும் 'சாப்னா'தான். மாமியார் சொல்ற சாப்பாவும் அதுதான், வடக்குலருந்து தமிழுக்கு வந்த சொல். வியாபாரத்தோட மலாய்க்கும் போச்சு, அங்க 'சாப்'. இங்கிலீஷ்காரங்க 1600களோட ஆரம்பத்துலயே ராஜாவோட சாப், சுல்தானோட சாப்னு லெட்டர்ல எழுதியிருக்காங்க, ஏன்னா ஊரு ஊரா வியாபாரம் பண்ண அனுமதிச்சீட்டு வாங்கணும், சீட்டுல முத்திரை இருக்கணும். அங்கருந்து சீனாவுல காண்டனுக்கு போச்சு. கப்பல் துறைமுகத்த விட்டு கிளம்ப குடுக்கற அனுமதிக்கு 'கிராண்ட் சாப்'னே பேரு. தேயிலையில நல்ல சரக்கு 'ஃபர்ஸ்ட் சாப்'. 1886ல யூலும் பர்னெலும் போட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில இதுக்கு தனிப்பதிவே இருக்கு, அந்த பர்னெல் நம்ம தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவரு. அமெரிக்காக்காரங்களோட மெரியம்-வெப்ஸ்டர் அகராதியிலயும் இந்த சாப் தனிச் சொல்லா இருக்கு, வேர் இந்தின்னு போட்டிருக்காங்க. அதனால இது சிங்லிஷ் இல்ல. சிங்லிஷ் பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே இங்கிலீஷ்ல ஏறுன சொல். லண்டன்ல தேஞ்சு போச்சு, நம்ம பக்கம் தங்கிடுச்சு, அவ்வளவுதான். பொண்ணுகிட்ட தைரியமா சொல்லுங்க.

ஜொகூர்_தங்கச்சி:
நான் கடலுக்கு அந்தப் பக்கம், வேலை மட்டும் சிங்கையில. மலாய்ல சாப்னா முத்திரை மட்டும் இல்ல, மார்க், பிராண்டு எல்லாமே அதுதான். வீட்ல தலைவலிக்கு தேய்க்கறோமே கோடாலித் தைலம், அந்த பாட்டில மலாய்ல 'மின்யாக் சாப் கப்பாக்'னு சொல்வாங்க. கப்பாக்னா கோடாலி. ஊருக்கு போகும்போது சொந்தக்காரங்க டஜன் கணக்குல கேட்டு வாங்குவாங்களே அதே தைலம்தான், 1928லருந்து சிங்கப்பூர் சரக்கு. எழுதப் படிக்க தெரியாத ஜனங்க படத்த பாத்து வாங்குற காலத்துல கோடாலி, புலி, யானைன்னு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு சாப்ப வச்சிருந்தாங்க. சைனாடவுன்ல பழைய சீனக் கடை போர்டுல இங்கிலீஷ்ல சாப் இன்னார்னு முன்னால போட்டிருக்கும், அது இந்த சாப்தான். அப்புறம் அரப் ஸ்ட்ரீட் பக்கம் பாத்திக் எடுக்க போனா கையால எழுதுனதா, சாப்பான்னு கேக்கணும், செம்பு அச்சுல மெழுக தொட்டு துணியில பதிக்கறது 'பாத்திக் சாப்', விலை வேற.

முன்னாள்_டீச்சர்:
எல்லாரும் அந்த டீச்சர ஒரே பக்கமா பாக்கறீங்க, நான் 20 வருஷத்துக்கு மேல பிரைமரில இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தவ, என் பக்கத்தையும் கேளுங்க. ஒரு வகுப்புல முப்பதுக்கு மேல புள்ளைங்க, வீட்ல நாலு மொழி. பரீட்சையில தரமான இங்கிலீஷ்தான் எதிர்பாப்பாங்க, 'டீச்சர், ப்ளீஸ் சாப் மை புக்'னு எழுதுற புள்ளைக்கு 'ஸ்டாம்ப்'ங்கிற சொல்ல சொல்லிக் குடுக்காம விட்டா நாளைக்கு வெளிநாட்டுல போய் அது தவிக்கும். அத திருத்தறது எங்க கடமை. ஆனா பெயர்ச்சொல்லா 'கம்பெனி சாப்'னு எழுதுனத அடிச்சது, அதுவும் ரெண்டு வேற அர்த்தம் கேட்ட கேள்வியில அடிச்சது, சரின்னு நானும் சொல்ல மாட்டேன். அம்மா, நீங்க கோவமா போகாதீங்க, அகராதிப் பக்கத்த பிரிண்ட் எடுத்துட்டு போய் பொறுமையா பேசுங்க. எனக்கும் ஒரு அம்மா இப்படி காட்டியிருக்காங்க, 'அவுட்ஸ்டேஷன்'ங்கிற சொல்லுக்கு, அன்னைக்கு நான் கத்துக்கிட்டேன்.

துவாஸ்_வெல்டர்:
வணக்கம் அண்ணே. சொல்தேடி அண்ணன் எல்லாம் சொன்னாரு, ஒன்னு விட்டுட்டாரு. நான் ஷிப்யார்டுல இருக்கேன், ரிப்பேருக்கு வர்ற கப்பல்ல நைஜீரியா கானா ஆளுங்க வருவாங்க, நல்லா பழகுவாங்க, அவங்க பேசற இங்கிலீஷ்ல சாப்னா சாப்பிடுறது! "யூ டோன் சாப்?"னா சாப்டியா. வீட்டுச் செலவுக்கு பொண்டாட்டிகிட்ட குடுக்கற காசு 'சாப் மணி', சாப்பாட்டுக் கடை 'சாப் பார்'. முதல் நாள் கேட்டப்ப தூக்கி வாரி போட்டுச்சு, நம்ம சாப்பாடுதானே இது! சோழர் காலத்துலயே கப்பல் ஓட்டுனவங்க நாம, கட்டுமரம்ங்கிற சொல்லு இங்கிலீஷ்ல இல்லையா, அப்ப இதுவும் நம்ம சொல்தான்னு நான் நினைக்கிறேன். இந்தி சாப்பாவுக்கும் வேர் தமிழா இருக்கலாம்ல?

சொல்தேடி:
தம்பி, உங்க சந்தோஷம் எனக்கு புரியுது, நானும் முதல்ல அப்படித்தான் துள்ளுனேன். ஆனா சத்தம் ஒன்னா இருக்கறது மட்டும் சாட்சி ஆகாது. ஒரு சொல் ஒரு மொழியிலருந்து இன்னொன்னுக்கு போகணும்னா யார் கொண்டு போனாங்க, எந்த வழியில, எந்த காலத்துல, நடுவுல எங்கயாவது எழுதி வச்சிருக்காங்களான்னு பாக்கணும். மேற்கு ஆப்பிரிக்கா கரையில வியாபாரத்துக்கு போய் உக்காந்தவங்க இங்கிலீஷ் மாலுமிங்க, அவங்க பேச்சுலருந்துதான் அந்த பிட்ஜின் (வியாபாரத்துக்காக உருவான கலப்பு) இங்கிலீஷ் வளந்துச்சு. அந்த 'சாப்'புக்கு தாடைங்கிற சாப்ஸ்லருந்தோ இறைச்சித் துண்டு சாப்லருந்தோதான் வழி சொல்றாங்க. தமிழ் ஆளுங்க அந்தக் கரைக்கு போய் சோறு போட்டதுக்கு தடயம் இல்லையே. இந்தி சாப்பாவுக்கும் தமிழ் வேர்னு காட்ட ஒன்னும் இல்ல, வந்த திசையே வேற.

அதுக்காக நாம வெறுங்கையோட நிக்கல. கட்டுமரம் சரியான உதாரணம், சுருட்டு இருக்கு, மிளகுத்தண்ணி இருக்கு, மலாய்ல கடை 'கெடாய்' ஆச்சு, கப்பல் 'கப்பால்' ஆச்சு, முதல் 'மோடால்' ஆச்சு. எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது 'கேஷ்'. கைப்பணத்துக்கு சொல்ற கேஷ் பிரெஞ்சு, இத்தாலி மொழியில பெட்டின்னு அர்த்தம் வர்ற சொல்லுலருந்து, பணப்பெட்டிக்கு பேரா இருந்து பணத்துக்கே பேராச்சு. ஆனா இங்கிலீஷ்ல இன்னொரு கேஷ் இருக்கு, ஆசியாவுல புழங்குன சின்ன செப்புக்காசு. அது நம்ம காசு! போர்ச்சுகீசியர் வாயில விழுந்து அப்புறம் இங்கிலீஷுக்கு வந்தது. மெட்ராஸ்ல கிழக்கிந்தியக் கம்பெனி கணக்குல 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன்னு ஓடுச்சு. நடுவுல ஓட்டை போட்ட சீனாக்காசுக்கும் இங்கிலீஷ்காரங்க கேஷ்னே பேரு வச்சாங்க. ரெண்டு கேஷும் ஒரே ஸ்பெல்லிங், வேரு வேற. நம்ம சாப் மாதிரியேதான். இந்த காசு கதைக்கு எழுத்துல தடம் இருக்கு, அதனால தெம்பா சொல்லலாம். சாப்பாட்டு கதைய நான் எங்கயும் சொல்ல மாட்டேன், நாலு பேர் கேள்வி கேட்டா நம்ம உண்மையான கதையையும் சேத்து சந்தேகப்படுவாங்க.

துவாஸ்_வெல்டர்:
சரிண்ணே, ஏத்துக்கறேன், முழு மனசோட இல்லன்னாலும். தடம் கேட்டீங்க, என்கிட்ட தடம் இல்ல. ஆனா அந்த கானா நண்பன்கிட்ட சாப்பாடுன்னு நான் சொன்னப்ப அவன் முகத்துல வந்த சிரிப்ப நான் மறக்க மாட்டேன். கேஷ் விஷயம் எனக்கு தெரியாது, அத எங்க டார்மிட்ரில எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்.

ஹாங்லிம்_பக்கம்:
சாப்ஸ்டிக்க யாரும் தொடலையே. அது வெட்டுற சாப்பும் இல்ல முத்திரை சாப்பும் இல்ல. காண்டன் துறைமுகத்துல பேசுன பிட்ஜின்ல சாப்னா வேகம், 'சாப் சாப்'னா சீக்கிரம் சீக்கிரம், காண்டனீஸ்ல அவசரத்துக்கு 'கப்'னு சொல்றதுலருந்து வந்ததா சொல்றாங்க. 1699ல வில்லியம் டாம்பியர்ங்கிற கடலோடி எழுதுன புத்தகத்துலயே இங்கிலீஷ் மாலுமிங்க இந்த குச்சிய சாப்ஸ்டிக்னு சொல்றாங்கன்னு வருது. 

இதுல எனக்கு ஆச்சரியம் என்னன்னா சீனப் பேருக்கு உள்ளயும் அதே வேகம் இருக்கு. பழைய சீனத்துல குச்சிக்கு 'ஜூ'ன்னு பேரு, நிக்கறதுங்கிற சொல்லும் அதே சத்தம். படகு ஓட்டுறவங்களுக்கு நிக்கறதுன்னா அபசகுனம், அதனால வேகம்னு அர்த்தம் வர்ற 'குவாய்' சத்தத்துல மாத்தி 'குவாய்ஸி'ன்னு ஆக்கிட்டாங்கன்னு ஒரு கதை இருக்கு. ஆனா எங்க காப்பிக்கடையில ஹொக்கியன்ங்கிற தென்சீன மொழி பேசற அங்கிள் இன்னும் 'தீ'ன்னுதான் சொல்றாரு, அது அந்த மாறாத பழைய சொல். வடக்குல மறைஞ்சது தெக்கத்தி பேச்சுல உயிரோட இருக்கு. உங்க பொண்ணோட சாப் லண்டன்ல தேஞ்சு இங்க நிக்கற மாதிரிதான்னு எனக்கு தோணுச்சு. இன்னொன்னு, சாப் சூயியும் தனி, காண்டனீஸ்ல 'ஸாப் சூய்', கலந்த துண்டு துணுக்குன்னு அர்த்தம்.

புதுசா_வந்தவன்:
ஹாக்கர் சென்டர்ல (உணவங்காடியில) டிஷ்யூ பாக்கெட் வச்சு இடம் பிடிக்கறத 'ச்சோப்' பண்றதுன்னு சொல்றாங்களே அது எதுல சேரும்? நான் வந்த புதுசுல ஒரு மத்தியானம் டிஷ்யூ இருந்த மேசையில உக்காந்துட்டேன், ஒருத்தர் தட்டோட வந்து பக்கத்துல நின்னாரு, ஒன்னும் பேசல, ரெண்டு பேருக்கும் சங்கடமா போச்சு.

ஜொகூர்_தங்கச்சி:
அதுவும் முத்திரை சாப்தான்னு பரவலா சொல்வாங்க, இது என்னுதுன்னு சாப் வச்சிட்டேன்னு அர்த்தம். சின்ன வயசுல ஓடிப்பிடிச்சு விளையாடும்போது மூச்சு வாங்குனா 'ச்சோப்!'னு கத்திட்டு நின்னுடுவோம், அப்ப யாரும் தொடக்கூடாது.

தேக்கா_தாத்தா:
எனக்கு வயசு 78. பேரன் எழுத்த பெருசாக்கி குடுத்தான், முழுசும் படிச்சேன். எங்க அப்பா மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில (செட்டியாருங்க வட்டித்தொழில் நடத்துன கூடம்) பெட்டியடிப் பையனா, அதாவது எடுபிடியா வந்து சேந்தவரு, அப்புறம் அடுத்தாள் (உதவிக் கணக்கர்) ஆனாரு. நீளமான கூடம், தரையில பாய், ஆளுக்கு ஒரு பெட்டகம், அதுதான் ஆபீஸ், அதுதான் படுக்கை. அங்க ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு விலாசம் (பேரோட முதலெழுத்து அடையாளம்) உண்டு, ஆனா ரூனான்னு எழுத்து எழுத்தா சொல்வாங்க. மரக்கட்டையில அந்த எழுத்த செதுக்கி வச்சிருப்பாங்க, அதுக்கு பேரு சாப்பாதான். புரோநோட்டு மடிச்ச உறையில, ஊருக்கு போற கடுதாசியில எல்லாம் அது விழும். நான் பள்ளிக்கூடம் விட்டு போனா அப்பா ஒரு காகிதத்த குடுத்து குத்துடான்னு சொல்வாரு, அந்த மை வாசனை இப்பவும் மூக்குல இருக்கு.

கிட்டங்கிங்கிற சொல்லையும் பாருங்க. நம்ம கிடங்கு, மலாய் குடாங், இங்கிலீஷ் கோடவுன் எல்லாம் ஒரே குடும்பம்னு சொல்வாங்க. அப்ப அந்த ஒரு கூடத்துக்குள்ள வடக்குலருந்து வந்த சாப்பாவும் இருந்துச்சு, நம்மகிட்டருந்து வெளிய போன கிட்டங்கியும் இருந்துச்சு. அப்புறம் வெள்ளி. ஊர்ல ரூபாய்ம்பாங்க, நாம டாலர வெள்ளின்னு சொல்றோம். அந்தக் காலத்துல இங்க புழங்குனது நிஜமாவே வெள்ளிக்காசு, ஸ்பெயின் டாலர், மெக்சிகோ டாலர். சீன வியாபாரிங்க அத சோதிச்சு பாத்துட்டு நல்ல வெள்ளின்னா அது மேல சின்னதா ஒரு குறிய அடிச்சு விடுவாங்க, அந்தக் குறிக்கும் பேரு சாப். கை மாற மாற குறி கூடி ராஜா முகமே தெரியாது. காசு சேக்கறவங்க இன்னைக்கும் 'சாப்மார்க்'னு தேடி வாங்குறாங்க.

பாப்பாவ நான் கேட்டேன்னு சொல்லும்மா. அது எழுதுன சொல்லு எங்க அப்பா கையில இருந்த சொல்லு.

பொங்கோல்_அம்மா:
ஐயா, உங்க பதிவ பொண்ணுக்கு படிச்சு காட்டுனேன், பெட்டகத்து மேலயே படுத்தாங்களான்னு மூணு தடவ கேட்டா.

நேத்து டீச்சர பாத்துட்டு வந்தேன். முன்னாள்_டீச்சர் அம்மா சொன்ன மாதிரி அகராதிப் பக்கத்தோட போனேன், கோவப்படல. அவங்க முழுசா படிச்சாங்க. பரீட்சையில வினைச்சொல்லா எழுதாம 'ஸ்டாம்ப்'னே எழுத சொல்லுங்க, திருத்தறவங்க யாருன்னு தெரியாதுன்னாங்க, அது எனக்கு நியாயமா பட்டுச்சு. 'சிங்லிஷ் வேண்டாம்'ங்கிறத மட்டும் அவங்களே அடிச்சிட்டு பக்கத்துல 'பழைய வியாபாரச் சொல்'னு எழுதி குடுத்தாங்க. மார்க்க மாத்தல. எனக்கு அதுல இன்னும் கொஞ்சம் வருத்தம் இருக்கு, ரெண்டு அர்த்தம் கேட்டீங்க, ரெண்டும் சரியா எழுதியிருக்காளேன்னு. ஆனா பொண்ணு அந்த ஒர்க்‌ஷீட்ட ஃபைல்ல போடாம மேசைக்கு மேல ஒட்டி வச்சிருக்கா. சொல்தேடி அண்ணே, இப்ப தினம் ஒரு சொல்ல புடிச்சிட்டு வந்து இது ஒன்னா ரெண்டான்னு கேக்கறா, நேத்து 'பேங்க்', ஆத்தங்கரையா பணம் போடற இடமான்னு. நேரம் இருந்தா அதுக்கும் ஒரு இழை ஆரம்பிங்க.

சொல்தேடி:
பேங்க் பாப்பா நினைக்கறத விட சுவாரசியம், ரெண்டும் தூரத்து சொந்தம். ஒன்னு மண்மேடு, இன்னொன்னு இத்தாலியில காசு மாத்துறவங்க போட்டு உக்காந்த பெஞ்சு. சனிக்கிழமை எழுதுறேன் அக்கா.

தேக்கா_தாத்தா:
அம்மா, நேத்து அலமாரிக்கு மேல இருந்த தகரப் பெட்டிய பேரன விட்டு இறக்கச் சொன்னேன். அப்பாவோட சாப்பா கட்டை உள்ள இருக்கு, ஓரத்துல லேசா விரிசல், எழுத்து நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில தேக்கா மார்க்கெட்டுக்கு வருவேன், கீழ டீக்கடைகிட்ட பத்து மணி வரைக்கும் உக்காந்திருப்பேன், பாப்பாவ கூட்டிட்டு வா, ஒரு தடவ குத்தி பாக்கட்டும். மை திண்டுதான் காஞ்சு கெட்டியாயிடுச்சு. யாராவது சொல்லுங்க, மரக்கட்டைக்கு ஒத்துக்கற மை இப்ப எங்க கிடைக்கும்?

கார்கோ_அண்ணன்:
ஐயா, பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல ஸ்டேஷனரி, ஓவியச் சாமான் கடைங்க நிறைய இருக்கு, அங்க கேட்டா கிடைக்கும். நானே வாங்கிட்டு வரேன், எனக்கும் அந்தக் கட்டைய பாக்கணும். நீலமா கறுப்பா?

தேக்கா_தாத்தா:
கறுப்பு.